கீழே விழுவது என் தொழிலாக இருந்தது

நியூ ஜெர்ஸியில், சாஃப்ட்வேர்க்காரர்கள் நிறைந்த பிஸ்கட்டவேயில் யார் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த கிளையன்ட்?" என்பதுதான். பெயரைக் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். பல வருடங்கள் நான் சொல்லிவந்த பதில், "என் கிளையன்ட் பேசாது சார், உதைக்கும்." கேட்டவர் கையில் சமோசாவோடு கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு, நான் ஏதோ வெளியே சொல்லக்கூடாத புராஜெக்டில் இருக்கிறேன் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, மரியாதையாக வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

உண்மையில் நான் ஜாக்கி. அதிலும் சமதரையில் ஓடும் பந்தயத்து ஜாக்கி இல்லை. வழி நெடுக வேலியும் புதரும் மரச்சட்டமும் வைத்து, அத்தனையையும் குதிரை தாண்டிக்கொண்டே ஓடவேண்டிய பந்தயங்களில் சவாரி செய்தவன். தாண்டினால் ஜாக்கி, தாண்டாவிட்டால் மூட்டை. இப்போது சவாரி இல்லை. அதே பந்தயங்களை இணையத்தில் ஒளிபரப்பும் ஒரு சின்ன சேனலில், கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஏன் விழுந்தார்கள் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் இதுதான் வலி குறைந்த வேலையாக இருக்கும் என்று நம்பித்தான் வந்தேன்.

நான் ஆதம்பாக்கத்தில் வளர்ந்தவன். வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம். ஸ்கூல் குரூப் போட்டோவில் நாற்காலியில் டீச்சர்கள், பின்னால் நிற்கிறவர்கள், முன்னால் முட்டி போடுகிறவர்கள் என்று எல்லாரையும் வரிசைப்படுத்திவிட்டு, கடைசியில் என்னைத் தரையில், வகுப்பின் பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பலகைதான் போட்டோவில் நன்றாக விழுந்திருக்கும். கணக்கும் எனக்கு உயரத்தைப் போலவே வரவில்லை. இரண்டும் வராத பையனை என்ன செய்வது என்று அப்பா தன் ஆபீஸில் விசாரித்தபோது, கிண்டியில் ஜாக்கிப் பயிற்சிக்குச் சின்ன உடம்புக்காரப் பையன்களைத் தேடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். ரேஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே அப்பாவுக்கு யாரோ வீட்டை விற்றது ஞாபகம் வரும். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள்.

"அவன் என்ன காசு கட்டவா போறான்? குதிரை ஓட்டத்தானே போறான். அதுவும் டிரைவர் வேலை மாதிரிதான்" என்றாள்.

குதிரை எனக்கு வந்தது. மனிதர்கள் பேசுவது புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். குதிரை காதை அசைப்பது உடனே புரிந்தது. சின்னச் சின்னப் பந்தயங்களில் ஜெயிக்க ஆரம்பித்தேன். ஆதம்பாக்கத்தில் பேர் தெரியாதவர்கள்கூட சைக்கிளை நிறுத்தி, "இந்த வாரம் எது தம்பி?" என்று கேட்டார்கள். நான் எதையாவது சொல்லிவைப்பேன். பந்தயத்துக்கு ஆரூடம் சொல்லும் இப்போதைய பண்டிதர் தொழிலுக்கு அதுதான் முதல் பயிற்சி என்று அப்போது தெரியவில்லை.

அப்புறம் என் உடம்பு எனக்கு எதிராகத் திரும்பியது. மற்றவர்கள் வளர்ந்து முடித்த வயதில் நான் வளரத் தொடங்கினேன். சமதரைப் பந்தயத்தில் ஜாக்கி பூனைக்குட்டி எடைதான் இருக்கலாம். நான் மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினேன், இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தேன். அம்மாவோ, பிள்ளை கடைசியில் வளர்ந்துவிட்டானே என்ற பூரிப்பில் தோசைக்கு நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு அங்குலத்துக்கும் எனக்கு ஒரு சவாரி போனது. கடைசியில் என் ட்ரெய்னர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இனிமே நீ குதிரைமேல உக்கார்றதவிட, குதிரை உன்மேல உக்காந்தா நியாயமா இருக்கும்பா" என்றார்.

அங்கே குதிரைகளைப் பார்க்க வரும் கால்நடை டாக்டர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டார். அமெரிக்காவில் தடை தாண்டும் பந்தயங்கள் நடக்கின்றன, அதில் ஜாக்கிகள் கொஞ்சம் கனமாக இருக்கலாம், நியூ ஜெர்ஸியில் தனக்குத் தெரிந்த ஒரு பண்ணை இருக்கிறது என்றார். குதிரைகளைக் காலையில் ஓட்டிப் பழக்கும் வேலைக்கு அங்கே போனேன். விமானத்தில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன். அத்தனை வருடத்தில் பயமில்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. பக்கத்து சீட்டுக்காரர் தன் பன்னையும் கொடுத்தார்.

பண்ணையின் ட்ரெய்னர் அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஆண்கள் போடும் தொப்பி போட்டிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் கேரட் இருக்கும், குதிரைகளுக்கென்று எடுத்து வருவார், பாதி வழியில் தானே தின்றுவிடுவார். போன முதல் வாரமே ஒரு பெரிய பழுப்புக் குதிரைமேல் என்னை ஏற்றி, எதிரே இருந்த புதர்த்தடையைக் காட்டினார். எப்படித் தாண்டுவது என்று கேட்டேன். குதிரைக்குத் தெரியும், நீ குறுக்கே வராமல் இரு என்றார்.

குதிரை நல்ல வேகத்தில் போனது. தடைக்கு முன்னால் வந்ததும் ஏதோ மறந்துவிட்டதைப்போல அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. அதன் கழுத்துக்கு மேலாகப் போய், தடையைச் சுத்தமாகத் தாண்டி, அந்தப் பக்கம் புல்லில் விழுந்தேன். குதிரை புதருக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தது. ட்ரெய்னர் கேரட்டைக் கடித்தபடி நிதானமாக நடந்து வந்து, இரண்டு பேரில் ஒருவராவது தாண்டினீர்களே, அது போதும் என்றார். மறுபடி ஏறச் சொன்னார். ஏறினேன். இரண்டாவது தடவை குதிரையும் வந்தது. அது தரையை விட்டுக் கிளம்பிய நொடியில் என் வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தோம். இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டது.

என் மனைவியைச் சந்தித்ததும் அந்தப் பண்ணையில்தான். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் பூசணிக்காய் பறிக்க ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவள் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள், கூட வேலை செய்கிறவர்களோடு வந்திருந்தாள். நான் வேலியோரத்தில், என் பாதத்தின் மேல் நின்றுகொண்டிருந்த ஒரு குதிரையைச் சுத்தமான சென்னைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"குதிரைக்குத் தமிழ் தெரியுமா?"

"திட்டினா மட்டும் புரியும்" என்றேன்.

கையில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் குதிரைகூடக் காலை எடுத்துவிட்டது.

அவளுடைய ஊர் கோபிச்செட்டிபாளையம். அப்பா ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர். விஷயத்தை வீட்டில் சொன்னபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவர் போனில் கேட்டார். "ஸ்டேபிள்ல இருக்கார்ப்பா" என்றாள் இவள். அந்த ஆங்கில வார்த்தைக்குக் குதிரை லாயம் என்றும் அர்த்தம் உண்டு, நிலையானது என்றும் அர்த்தம் உண்டு. பேங்க் மேனேஜர் காதில் எந்த அர்த்தம் விழும் என்று அவளுக்குத் தெரியும். அமெரிக்காவில் ஊரே வேலை போய் நிற்கும்போது நம் மாப்பிள்ளைக்கு ஸ்டேபிளான வேலையாம் என்று அவர் கோபி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு பந்தயத்தில் விழுந்து எனக்குக் காறை எலும்பு முறிந்தது. கையைத் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டபடி மணமேடையில் உட்கார்ந்தேன். ஆபீஸில் கீழே விழுந்துவிட்டார் என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தோம். அதிலும் பொய் கிடையாது. முதல் முடிச்சை மட்டும் ஒரு மாதிரி போட்டேன், மற்றதை என் அக்கா போட்டாள். எப்படியும் அவள்தான் போடுவாள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் மாமியாருக்கு மட்டும் வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, ஆபீஸ்ல எந்த மாடியில இருந்துங் விழுந்தீங்க?"

"மாடி இல்லைங்க அத்தை. குதிரை."

 அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பந்தியின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். மாமாவுக்கு அன்று சாயங்காலம் விஷயம் போனது. அவர் சிரிக்கவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு எந்த வங்கியிலும் திருப்பி வாங்கும் வசதி இல்லாததால், என்னோடு பேசுவதை மட்டும் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்.

என் வாழ்க்கையின் பெரிய வெற்றியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அதில் என் பங்கு என்ன என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலப் பந்தயம், மரச்சட்டங்களைத் தாண்ட வேண்டும். எனக்குக் கிடைத்த கிழட்டுக் குதிரை எல்லாருக்கும் பின்னால் தனியாக, பூங்காவில் நடக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின தடையில் முன்னால் போன குதிரை மறுத்து நின்றது, அதன்மேல் அடுத்தது இடித்தது, மூன்றாவது பயந்து வேலியோரமாக ஓடிப்போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் என் முன்னால் யாரும் இல்லை. என் குதிரைக்கும் அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், காதை நிமிர்த்திக்கொண்டு ஓடி முடித்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் என் பெயரைக் கூவினார். அவர் உச்சரித்த அந்தப் பெயரில் உலகத்தில் யாரும் இருக்க முடியாது. ஆனால் ட்ரெய்னர் ஒரு முழுக் கேரட்டை, கடிக்காமல், குதிரைக்குக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

கடைசி வீழ்ச்சி அப்படிப் பெரியதெல்லாம் இல்லை. சாதுவான குதிரை, லேசான தடை, ஈரமில்லாத தரை. குதிரை இறங்கும்போது முன்னங்கால் மடங்கியது. நான் வழக்கம்போல உருண்டேன், ஆனால் வழக்கம்போல எழுந்திருக்க முடியவில்லை. மேகம் ஒன்று மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கால் விரலை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அசைத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. அசைந்தது. ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு டாக்டர் படத்தைக் காட்டி, இதுவரைக்கும் அதிர்ஷ்டம், இனிமேல் கணக்கு வேறு என்றார்.

வீட்டுக்கு என் மனைவிதான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஃப்ரீவேயில் எல்லாரும் ஹார்ன் அடிக்கிற அளவுக்கு மெதுவாக ஓட்டினாள். எங்கள் எக்ஸிட் வந்ததும் சிக்னலில் நிறுத்தி, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீயே சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். நிறுத்திடறேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சிக்னல் பச்சையாகியும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

குதிரையிலிருந்து இறங்கிய ஆளுக்கு வீட்டில் என்ன வேலை? அதற்குள் பள்ளிக்கூட வயதுக்கு வந்துவிட்ட மகளை ஸ்கூலில் விட்டுவந்து, பாத்திரங்களை மெஷினில் அடுக்கி, பிறகு சோபாவின் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு, குதிரைமேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். மகள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, அப்பா, தட் இஸ் எ கவுச் என்று நினைவூட்டினாள். ஊரில் உள்ள அங்கிள்களெல்லாம் என்மேல் பாய்ந்து உதவினார்கள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் படி, கொஞ்ச நாள் கோர்ஸ்தான், குதிரையே ஓட்டினவனுக்கு இது என்ன என்றார்கள். போனேன். வகுப்பு எடுத்தவர், இந்த வேலையின் சாரமே எது எங்கே தடுக்கி விழும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் என்றார். எனக்கு எப்போதுமே அது விழுந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது என்று சொன்னேன். வகுப்பில் சிரித்தார்கள், வாத்தியார் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேனலின் தயாரிப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒருநாள் மட்டும் வந்து உட்கார முடியுமா என்றார். என் பழைய ட்ரெய்னர்தான் நம்பர் கொடுத்திருக்கிறார். இவன் நன்றாகப் பேசுவானா என்று தயாரிப்பாளர் கேட்டதற்கு, நன்றாக விழுவான், அது போதாதா என்றாராம்.

முதல் நாள் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டினார்கள். தயாரிப்பாளர் அதில் பேசுவார், எனக்கு மட்டும் கேட்கும், நான் கேட்காத மாதிரி இருக்க வேண்டும். இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒளிபரப்பு நடுவில் காதுக்குள், சுருக்கமாக முடி என்று குரல் வந்தது. "சரிங்க சார், முடிச்சுடறேன்" என்று நான் தமிழிலேயே சத்தமாகப் பதில் சொன்னேன். பக்கத்தில் இருந்த அறிவிப்பாளர் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அதோடு போயிருந்தால் நல்லது. அடுத்த பந்தயத்துக்கான குதிரைகள் நடந்து வந்தன. அதில் ஒரு சாம்பல் நிறக் குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, வேர்த்து, வாலைச் சுழற்றிக்கொண்டு வந்தது. அத்தனை வருடக் குதிரை ஞானமும் ஒன்றுசேர்ந்து எனக்குள் எழுந்தது. இது முதல் தடையைத் தாண்டினாலே அதிசயம், இதற்கு இன்று மனசே இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். அறிவிப்பாளர் இருமினார். காதுக்குள் ஒரு முனகல் கேட்டது. அந்தக் குதிரையின் சொந்தக்காரர்தான் எங்கள் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்கும் புல்வெட்டி மெஷின் வியாபாரி என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சாம்பல் குதிரை முதல் தடையைத் தாண்டியது. இரண்டாவதை இன்னும் அழகாகத் தாண்டியது. மூன்றாவதில் எல்லாருக்கும் முன்னால் வந்தது. பிறகு மற்றவை எங்கே என்று தேடவேண்டிய அளவுக்குப் போய் ஜெயித்தது. அந்த நேரமெல்லாம் கேமரா என் முகத்தை விட்டு நகரவில்லை. மகள் அந்தத் துண்டுக் காட்சியை இன்னும் போனில் வைத்திருக்கிறாள்.

மறுநாள் போன் வந்தபோது நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். தயாரிப்பாளர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்க்க வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேனலிலேயே தங்கியிருக்கிறார்கள், அடுத்த வாரமும் அந்த ஆள் வருவானா என்று கேட்கிறார்கள், வாராவாரம் வர முடியுமா என்றார். புல்வெட்டிக்காரர் கோபப்படவில்லையா என்றேன். அவர் ஜெயித்த மனிதர், எதற்குக் கோபப்பட வேண்டும், அடுத்த குதிரையையும் நீ திட்டினால் நன்றாக இருக்கும் என்கிறார் என்றார். என் மனைவியிடம் சொன்னேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நீ குதிரையில இருந்து விழுந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதுல விழுந்தா சிரிப்போட முடிஞ்சுடுது. போ" என்றாள்.

இப்படித்தான் நான் பண்டிதரானேன். சரியாகச் சொல்வதைவிட உறுதியாகச் சொல்வது முக்கியம் என்பது சீக்கிரமே பிடிபட்டது. சில சமயம் சரியாகவும் சொன்னேன். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

மாமியார் எங்களோடு சில மாதம் இருக்க வந்திருந்தபோது, வீட்டில் தனியாக உட்கார முடியாது என்று என்னோடு பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டார். பட்டுப்புடவை, ஸ்வெட்டர், மகளின் பழைய ஸ்னீக்கர்ஸ், தலையில் கம்பளிக் குல்லா. அங்கே தொப்பியும் பூவுமாக நின்ற சீமாட்டிகளுக்கு நடுவில் அவரைப் பார்த்ததும் தயாரிப்பாளருக்குக் கை பரபரத்தது. என்னைக் கேட்காமலே மைக்கை அவர்முன் நீட்டிவிட்டார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

நாலாம் நம்பர் குதிரையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார். புல்வெட்டிக்காரருடைய புதுக் குதிரை அது. அத்தை நன்றாக ஊன்றிப் பார்த்தார்.

"கண்ணாலத்துல மொதப் பந்திக்கு எடம் புடிக்க வந்த சொந்தக்காரனாட்ட நிக்குதுங். ஓடற நெனப்பே இல்லீங்."

குதிரை மிக நிதானமாக இருப்பதாக என் மாமியார் கருதுகிறார் என்றேன்.

"அதும் மேல உக்காந்திருக்கற தம்பியும் தூங்கி நாலு நாளாச்சாட்ட இருக்குதுங்."

ஜாக்கி முழுக் கவனத்தில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் எது ஜெயிக்கும் என்றார் அறிவிப்பாளர். அத்தை தயங்காமல், நெற்றியில் வெள்ளை இறங்கிய ஒரு குதிரையைக் காட்டி, முகம் லட்சணமாக இருப்பதால் அதுதான் என்றார். அந்தக் குதிரை பந்தயம் தொடங்குவதற்கு முன்பே ஜாக்கியைக் கீழே இறக்கிவிட்டு, கார்கள் நிற்கும் பக்கமாக ஓடிப்போனது. அத்தை கொஞ்சமும் அசரவில்லை.

"நான் மொகத்தத்தானுங் சொன்னேன்" என்றார்.

நாலாம் நம்பர் இரண்டாவதாக வந்தது. ஆக அவர் சொன்ன எதுவும் நடக்கவில்லை. குடும்பத்தில் நான் தனி ஆள் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருந்து ஒரு தமிழர், வேலை நேரத்தில்தான் பார்த்திருக்க வேண்டும், அத்தை சொன்னது ஒவ்வொன்றையும் சரியாக மொழிபெயர்த்துச் சேனலுக்கு அனுப்பிவிட்டார். தயாரிப்பாளர் அதை எழுத்தாகக் கீழே ஓடவிட்டு மறுபடி ஒளிபரப்பினார். நான் நிதானம் என்று சொல்லும்போது கீழே முதல் பந்தி ஓடியது. புல்வெட்டிக்காரர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த தடவை உன்னை விட்டுவிட்டு அந்த அம்மாவை மட்டும் உட்காரவைக்க முடியுமா என்று கேட்டார். கோபியில் மாமா இதைப் போனில் பார்த்திருக்கிறார். என்னோடு பேசும்போது முதல் தடவையாக அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "ஸ்டேபிளா இருக்கீங்களா மாப்ள?" என்று கேட்டார்.

எல்லா நாளும் இப்படிப் போகவில்லை. அடுத்த வசந்த காலத்தில் ஒரு பந்தயம். முன்னணியில் ஒரு இளம்பெண் சவாரி செய்துகொண்டிருந்தாள். அந்த வருடம்தான் வந்தவள், பயமே தெரியாத கை. கடைசித் தடையில் அவள் குதிரை மரச்சட்டத்தில் மாட்டித் தலைகுப்புறப் போனது. குதிரை எழுந்து ஓடிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் ஓடிப்போய், அடிபட்டவர்களைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் பச்சைத் திரையை அவளைச் சுற்றிப் பிடித்தார்கள்.

திரைக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். புல் கன்னத்தில் குத்தும். யாரோ உன் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். காலை அசைக்கலாமா வேண்டாமா என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். காதில் தயாரிப்பாளர், ஏதாவது பேசு, ஏதாவது பேசு என்றார். பக்கத்தில் இருந்தவரும் என்னைப் பார்த்தார்.  காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு ஒளிபரப்பில் காற்றுச் சத்தமும், தூரத்தில் ஒரு குதிரை கனைப்பதும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

கடைசியில் திரைக்கு மேலே ஒரு கை உயர்ந்தது. பிறகு அவள் எழுந்து உட்கார்ந்தாள், ஓடிப்போன குதிரையின் திசையில் பார்த்து என்னமோ கத்தினாள். அது வாழ்த்து இல்லை என்பது அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.  நான் மைக்கை நெருங்கிச் சொன்ன முதல் வாக்கியம், "ரொம்ப முன்னாடியே தாவ விட்டுட்டாங்க. இன்னும் ஒரு அடி காத்திருந்திருக்கணும்" என்பதன் ஆங்கிலம்.

என் மௌனத்தைப் பற்றிப் பலர் உருக்கமாக எழுதினார்கள். அந்தப் பெண் எழுதவில்லை. நேரில் வந்தாள். அடுத்த பந்தயம் முடிந்து நானும் மனைவியும் காருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, புல்வெளியில் கார்களுக்கு நடுவே எங்களை மறித்து நின்றாள், கை தூளியில் தொங்கியது. நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்று தெரியாத வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள், இருக்கிறேன் என்று தெரிந்த நொடியே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டீர்களே என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவள் முறைத்தாள். பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, நிஜமாகவே முன்னாடியா என்று கேட்டாள். ஒரு முழு அடி என்றேன். இல்லை, குதிரைதான் அவசரப்பட்டது என்றாள். கடிவாளம் யார் கையில் இருந்தது என்றேன். அதற்குமேல் வாயால் தீர்க்க முடியாமல் போய்விட்டது. யாரோ கூடாரத்துக்குப் பக்கத்தில் விட்டுப்போன ஒரு ஐஸ் பெட்டியைத் தடையாக வைத்துக்கொண்டோம். இடுப்பு வளையாத நானும் ஒரு கை கட்டிய அவளும், எங்கே கிளம்ப வேண்டும் என்பதை அளந்து அளந்து ஓடிக் காட்டினோம். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் மூன்றாவது தடவை பின்னால் போய் வேகம் எடுக்கத் தயாரானபோது, அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்திருந்த என் மனைவி ஹார்னில் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.